லாந்தர் பிடித்த கை

மற்றவர்கள் ஒட்டி மறைத்ததைக் கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். பழைய சினிமா போஸ்டர்களை என்னிடம் கொண்டுவருவார்கள். படம் வந்த காலத்தில் அச்சடித்ததா, பிற்பாடு யாராவது நகல் எடுத்ததா, எங்கே கிழிந்தது, எங்கே வண்ணம் தடவிப் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் வீட்டில் எப்படி இருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "நீ பொறக்கும்போதே கையில லென்ஸோட பொறந்தவன்டா" என்பாள் என் அக்கா.

என் மனைவியின் தொழில் இதற்கு நேர் எதிர். கிழிந்ததை ஒட்டுவாள், போனதை வரைவாள், பூச்சி தின்ற இடத்தில் புதுக் காகிதம் வைத்து அது புதிது என்று தெரியாமல் செய்வாள். திருடனும் போலீசும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று எங்களைத் தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். வேலை முடிந்ததும் போஸ்டரை மேசைமேல் விரித்துவைத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"எங்க, கண்டுபிடிங்க பாப்போம்."

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு குனிவேன். எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன்.

"இந்தப் பச்ச கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அது போஸ்டர்ல இல்லீங்க, உங்க கண்ணுல இருக்கு. எதைப் பாத்தாலும் கோணலாத்தான் தெரியும் உங்களுக்கு."

கோணல் என்பது அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர். கதவிடுக்கில் மாட்டி உடைந்த என் வலது கைச் சுண்டுவிரலை நான் வைத்தியரிடம் காட்டாமல் அலட்சியமாக விட்டுவிட்டேன். அது நுனியில் வெளிப்பக்கமாக வளைந்தே ஒட்டிக்கொண்டது. அந்த விரலையும், நான் நகம் கடிப்பதையும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். நான் அவள் ஒட்டுவேலையைச் சொல்லிக் காட்டுவேன். எங்களுக்குப் பொழுது அப்படித்தான் போயிற்று, நன்றாகவே போயிற்று.

அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. துணிமணிகளை அக்கா எடுத்துப்போய் வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். தூரிகைகளை அவளோடு வேலை பார்த்த பெண்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒருநாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் கை வேலை ஒன்றுகூட வீட்டில் இல்லை.

தச்சர் போனால் நாற்காலி இருக்கும். தையல்காரர் போனால் சட்டை இருக்கும். ஒட்டுவேலை செய்கிறவள் போனால் என்ன இருக்கும்? வேலை நன்றாக இருந்தால் அது இருப்பதே தெரியாது. கையெழுத்துப் போடுகிற வழக்கமும் இந்தத் தொழிலில் கிடையாது. என் மனைவி மிக நன்றாக வேலை செய்தவள். அதனால் அவள் எங்கேயும் இல்லை.

எங்கேயும் இல்லை என்று சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து மேசைக்கு வரும் ஒவ்வொரு போஸ்டரிலும் அவளைத் தேடினேன். ஒட்டுக் காகிதத்தின் ஓரத்தை மற்றவர்கள் கத்தரியால் நறுக்குவார்கள். அவள் நறுக்கமாட்டாள். நீரில் நனைத்து விரலால் பிய்ப்பாள், ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து பழைய காகிதத்தோடு கலந்துவிடும். அந்தப் பஞ்சு ஓரத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்ததெல்லாம் கத்தரி வெட்டு, செல்லோடேப், வாயில் வைத்து நனைத்த தூரிகையால் தடவிய அசிங்கம். அறிக்கையில் 'சீரமைத்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லா அறிக்கையிலும் அங்கே 'தெரியவில்லை' என்றே எழுதிவந்தேன்.

இந்த நிலைமையில்தான் அவசரம் வந்தான். அவன் ஒரு போஸ்டர் தரகன். எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்பதுபோல் பேசுவதால் எல்லோரும் அவனை அவசரம் என்றுதான் கூப்பிடுவோம், அவன் அம்மா உட்பட. பெரிய அட்டைக் குழாய் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான்.

"அண்ணே, இத மட்டும் சட்டுனு பாத்துக் குடுத்துடுங்க. சினிமா காப்பகம் வாங்கிக்கிறேங்குது. படச்சுருள் மொத்தமும் எப்பவோ எரிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறது இந்த ஒரு போஸ்டர்தான்."

"பாக்குறேன். வச்சுட்டுப் போ."

"பாக்க ஒண்ணுமே இல்லண்ணே. இதுல யாரோட கையும் படல. அச்சாபீஸ்லேர்ந்து நேரா எறங்கி வந்த மாதிரி இருக்கு. ஒத்த வரி எழுதுங்க போதும்."

"கை பட்டுச்சா இல்லையான்னு நீ சொல்லாத. அதச் சொல்லத்தான் நான் இருக்கேன்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டு, பழைய பத்திரிகை விளம்பரம் ஒன்றின் நகலையும் வைத்துவிட்டுப் போனான். அதே படத்தின் விளம்பரம், அதே ஓவியம், சின்ன அளவில். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

காப்பகத்தின் விதிகள் எனக்குத் தெரியும். அங்கே வாங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரியம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். பிற்காலத்தில் யார் எதைச் சேர்த்திருந்தாலும், எவ்வளவு அழகாகச் சேர்த்திருந்தாலும், அங்கே எடுத்துவிடுவார்கள். போன இடத்தைப் போன இடமாகவே, வெற்றுக் காகித நிறத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் நான் இல்லை என்று எழுதினால் அவர்கள் மறுபடி சோதிப்பதில்லை. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

போஸ்டரைப் பிரித்தேன். இருட்டில் ஒருவன் வலது கையில் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் ஒரு பெண்ணின் முகம் பாதி வெளிச்சத்தில். லாந்தரிலிருந்து மஞ்சள் வழிந்து கீழே படத்தின் பெயர் வரைக்கும் வருகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நகல் என்றால் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். இதில் புள்ளியே இல்லை, மணல் தூவியதுபோல் கரகரவென்று, ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறியிருந்தது. அது பழைய கல் அச்சின் அடையாளம். மடிப்புகளில் மை வெடித்திருந்த விதம், ஓரத்தில் அச்சகத்தின் பெயர், காகிதத்தின் பழுப்பு, எல்லாம் சரி. அசல்தான். பின்னால் மட்டும் யாரோ மெல்லிய துணி ஒட்டித் தாங்கல் கொடுத்திருந்தார்கள். துணி ஒட்டியிருக்கிறதென்றால் அவசரத்தின் பேச்சு அப்போதே பொய்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். பட்டப்பகலில் அறை இருண்டது. புற ஊதா விளக்கை ஏற்றினேன். அந்த வெளிச்சத்தில் பழைய காகிதம் வெளுப்பாக மின்னும், பிற்பாடு பூசிய வண்ணம் கறுப்பாகத் தங்கிவிடும். மேலிருந்து வரிசையாக இறங்கினேன். வானம் சுத்தம். அந்தப் பெண்ணின் முகம் சுத்தம். லாந்தரும் சுத்தம். லாந்தரின் வளையத்தைப் பிடித்திருந்த கை மட்டும் கறுப்பாக இருந்தது. உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு.

பகல் வெளிச்சத்தில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே தெரியாத ஒட்டு அது. திரையை விலக்கி, லென்ஸோடு அதன் ஓரத்தைத் தேடினேன். ஓரம் கிடைக்கவே நேரமாயிற்று. கிடைத்தபோது அது கத்தரி வெட்டு இல்லை. பஞ்சு பஞ்சாகப் பிரிந்து பழைய காகிதத்துக்குள் போய்க் கரைந்திருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். 

ஆனாலும் நான் என் புத்தியை விடுவேனா. பஞ்சு ஓரம் அவள் ஒருத்திக்கு மட்டும் சொந்தமா, வேறு யாரும் பிய்க்கமாட்டார்களா என்று என் தொழில் மனசு கேட்டது. அவசரம் கொடுத்த விளம்பரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். விளம்பரத்தில் லாந்தர் பிடித்த விரல்கள் சினிமா விரல்கள், வழவழவென்று நேராக, வளையத்தைச் சுற்றி ஒழுங்காக மடங்கியிருந்தன. போஸ்டரில் இருந்தது வேறு கை. முட்டிகள் பெரிது. கட்டைவிரல் தடி. இவ்வளவு அழகான கதாநாயகனுக்கு இந்தக் கட்டைக் கையை ஏன் ஒட்டியிருக்கிறார்கள் என்று சிரிப்புகூட வந்தது. சுண்டுவிரல் மட்டும் வளையத்தில் சேராமல், நுனியில் வெளிப்பக்கமாக வளைந்து தனியாக நின்றது.

என் வலது கையை மேசைமேல் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

மாலை நேரங்களில் நான் டீ குடிக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்து என் கப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "அத அப்படியே கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"புடிங்களேன். ஒரு வேலை சொன்னா ஆயிரம் கேள்வி."

பிடித்தேன். டீ ஆறும்வரை பிடித்தேன். பார்த்து முடித்ததும், "சரி, குடிங்க" என்று எழுந்து போய்விட்டாள். மற்ற எல்லா வேலையையும் மேசையில் விரித்துக் காட்டியவள் இதை மட்டும் எனக்குக் காட்டவில்லை. போஸ்டரின் சொந்தக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாரா, அல்லது என்றைக்காவது இது என் மேசைக்கு வரும், அன்றைக்கு இந்தக் கோணல் முழிக்கட்டும் என்று வேண்டுமென்றே அனுப்பினாளா, தெரியவில்லை. கேட்க ஆள் இல்லை. இருந்த காலத்தில் இப்படிக் கையும் களவுமாக அவளைப் பிடித்திருந்தால் எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்திருப்பேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். வேறு யாரிடம் சொல்வது?

"உன் கையவா வரைஞ்சா?" என்றாள் அக்கா. "ஊருல வேற நல்ல கையே கெடைக்கலையா அவளுக்கு?"

"அதான் நானும் கேக்கறேன்."

அக்கா சிரித்தாள். பிறகு, "சாப்டியாடா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாளே அவசரம் வந்து நின்றான். கை பிற்பாடு வரைந்தது என்று சொன்னேன். யார் வரைந்தது என்று சொல்லவில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணே, லாந்தர் புடிச்ச கையப் புடுங்கிட்டா அப்புறம் அந்தப் படத்துல என்ன இருக்கு? நீங்க பாக்காத மாதிரி விட்டுடுங்கண்ணே. யாருக்கு என்ன நஷ்டம்? எவ்ளோ அழகா செஞ்சிருக்கான் பாருங்க அந்த ஆளு."

"ஆளு இல்ல. பொம்பளை."

"யாரா இருந்தா என்ன. நல்ல வேலைக்காரி. அவ வேலைய நீங்களே அழிப்பீங்களா?"

அவன் தன் வியாபாரத்துக்காகச் சொன்னான். எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறான் என்று அவனைத் திட்டி அனுப்பிவிட்டேனே தவிர, அவன் போன பிறகு அதே பூசணிக்காயை நானும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரே வரி. 'பிற்காலச் சேர்க்கை ஏதும் இல்லை.' எழுதிவிட்டால் அந்தக் கை காப்பகத்தின் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கும். எனக்குத் தோன்றும்போதெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். எழுதாவிட்டால் எடுத்துவிடுவார்கள். தேடித் தேடிக் கிடைத்த ஒன்றே ஒன்று.

அறிக்கைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் நினைத்திருந்தால் விளக்குக்கும் பிடிபடாத மெருகு பூசியிருக்கலாம். அப்படிப்பட்ட மெருகுகள் கடையில் கிடைக்கும், சிலர் பூசவும் செய்கிறார்கள். அவள் பூசவில்லை. பிரிக்க முடியாத பசையால் ஒட்டியிருக்கலாம். சாதாரண மாவுப் பசையால்தான் ஒட்டியிருந்தாள், ஈரம் பட்டால் விட்டுவிடும். "வேடிக்கை பாக்குறவங்களுக்குத்தாங்க மறைக்கிறது, தேடறவங்களுக்கு இல்ல" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. தேடுகிறவன் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறாள். இப்போது இல்லை என்று நான் எழுதினால், அந்தக் கையை அவள் வரையவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

எழுதினேன். வலது கை முழுவதும் பிற்காலச் சேர்க்கை. ஒட்டு, கையால் பிய்த்த காகிதம். வேலை மிக நேர்த்தி. 'சீரமைத்தவர்' என்ற இடத்தில் முதல் தடவையாக 'தெரியவில்லை' என்று எழுதாமல் என் மனைவியின் பெயரை முழுசாக எழுதினேன். எழுதி முடித்ததும் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

அதிகாரியம்மா என்னைக் காப்பகத்துக்கு வரச் சொன்னார். நீளமான அறை, சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் மேசைமேல் போஸ்டர். அறிக்கையைக் கையில் வைத்திருந்தார்.

"பேர் வரைக்கும் எழுதியிருக்கீங்க. இவங்கதான்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

நான் என் வலது கையை நீட்டி, மேசையில் இருந்த கனமான அலமாரிப் பூட்டின் வளையத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். அவர் போஸ்டரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி போஸ்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு அவங்க..."

"வீட்டுக்காரி."

"இப்ப?"

"இல்ல மேடம்."

அவர் அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

"எனக்குப் புரியுது," என்றார். "ஆனா விதிய நான் மாத்த முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீங்க சொல்றதுதான் முடிவு. அந்த ஒட்ட எடுத்தா மூலத்துக்கு ஏதாவது சேதம் வருமா? வரும்னா விட்டுடலாம். அதுக்கு விதியில எடம் இருக்கு."

ஒரு பொய்க்குக் கதவைத் திறந்துவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். ஆம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் சேதம் வரும் என்று சொன்னால், அவள் மோசமாக ஒட்டினாள் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அவள் வேலையில் குற்றம் சொன்னவன்தான் நான். ஒன்றுகூடப் பொய்க் குற்றம் இல்லை.

"வராது மேடம்," என்றேன். "அவ ஒட்டினது. சேதம் இல்லாம வந்துடும்."

எடுத்துவிட்டார்கள். முடிந்தபிறகு ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். போஸ்டர் சுவரில் இருந்தது. கை இருந்த இடம் வெற்றுக் காகித நிறத்தில் தட்டையாக இருந்தது. லாந்தர் யார் பிடியிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. அவசரம் சொன்னதும் தப்பில்லை, படம் களையிழந்துதான் போயிருந்தது. அதிகாரியம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கெட்டி உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"பின்துணியப் பிரிச்சப்போ முழுசா வந்துடுச்சு, ஒரு கீறல் இல்ல. இது மூலத்தச் சேராதது. இங்க இதுக்கு எடம் கெடையாது. குப்பைக்குப் போக வேண்டியது, நீங்க எடுத்துட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவசரமாக வேறு வேலை இருப்பதுபோல் அலமாரியைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தேன். உள்ளங்கை அளவு காகிதம். அவள் நின்று கைகட்டிக்கொள்ளும் அதே மேசையில் விரித்தேன். இத்தனை காலம் தேடியது அவளை. கிடைத்திருப்பது என்னவோ என் கை. ஆனால் என் கையை ஒருத்தி இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள். முட்டியில் இருக்கும் சுருக்கம், கட்டைவிரலின் பழைய தழும்பு, எனக்கே நினைவில்லாத ஒரு மச்சம். நான் அவள் ஒட்டுவேலையைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவள் என்னை லென்ஸ் இல்லாமலே பார்த்திருக்கிறாள்.

பழக்கம் விடவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தேன். நிறம் சரி. நிழல் சரி. பச்சை கூட அளவோடு இருந்தது. கடைசியில் சுண்டுவிரலில் பிடித்துவிட்டேன். நகம் முழுசாக, வட்டமாக, ஒழுங்காக வளர்ந்திருந்தது. எனக்கு அப்படி ஒரு நகம் என்றைக்குமே இருந்ததில்லை.

"நகம் தப்பு" என்று சத்தமாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு, அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும் என்று வழக்கம்போல் காத்திருந்தேன். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அடைக்கவேண்டும் என்று நினைத்தபடியே உட்கார்ந்திருந்தபோது, சுண்டுவிரல் என்னை அறியாமல் வாய்க்குப் போயிருப்பது தெரிந்தது. எடுத்துவிட்டேன்.